மொட்டை மெஷினும் ரஃபியாவின் விசையும்

ஓய்வு பெற்றவளுக்கு ஆபீஸிலிருந்து ஃபோன் வந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு பாஸ்வேர்டு தெரியவில்லை என்று அர்த்தம். போன மாதம் ஸ்ராவ்யா கூப்பிட்டபோதும் அப்படித்தான் நினைத்தேன். என் இடத்துக்கு வந்திருக்கும் பெண். நான் பார்த்த வேலையை இப்போது ஒரு சர்வர் பார்க்கிறது, அந்த சர்வரை அவள் பார்த்துக்கொள்கிறாள். அவள் தெலுங்கில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்.

"மேடம், உங்க பழைய சீட்டை, அதான் அந்த மெஷினை, கிளீன் பண்றோம். அதுல ஒரு பேக்கேஜ் இருக்கு, மேனுவல் எடிட் பண்றவங்களுக்கானது. நீங்க எடிட்டிங் பக்கமே போனதில்லையே, உங்க சீட்டுல அது எதுக்கு?"

"அது கொஞ்சம் பெரிய கதைம்மா."

"சுருக்கமா சொல்லுங்க மேடம், மீட்டிங் இருக்கு."

சுருக்கமாகச் சொன்னேன். முழுசாக எழுதிவைக்க வேண்டும் என்று பிறகு தோன்றியது.

என் அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். மெட்டுகுடா குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, செகந்திராபாத் ஸ்டேஷன் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஃப்ளாப்பி காப்பி எடுத்துக் கொடுத்து, அங்கேயே கொஞ்ச நாள் பாடமும் எடுத்து, கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் ஆன பிறகு ஹப்சிகுடாவில் இந்தக் கம்பெனிக்கு வந்தேன். அந்த வருஷங்களில் சொல்லும்படியாக வேறொன்றும் இல்லை.

கம்பெனி, வெளிநாட்டுத் தொழிற்சாலைகளுக்கு மேனுவல் தயாரித்துக் கொடுப்பது. பம்பு, கம்ப்ரஸர், பாய்லர் இவற்றை எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது, எதைத் தொட்டால் கை போகும் என்றெல்லாம் சொல்லும் தடித்த புத்தகங்கள். ஒரு மாடி நிறைய ஆட்கள் டெக்ஸ்ட் எடிட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு தட்டிக்கொண்டே இருப்பார்கள். அந்த எடிட்டரோடு ஒட்டிக்கொண்டு வேலையைச் சுலபமாக்கும் சின்னச் சின்ன நிரல்கள் உண்டு. எக்ஸ்டென்ஷன் என்போம். அவற்றைப் பேக்கேஜாகக் கட்டி எல்லா மெஷினிலும் ஏற்றுவது எங்கள் பிரிவு. பிரிவு என்றால் தேவசகாயம் சாரும் நானும்தான்.

பேக்கேஜ் கட்டுவது, இன்னொருவர் வீட்டில் போய்ச் சமைப்பதற்குச் சாமான் எடுத்துவைப்பது போன்ற வேலை. உப்பு அங்கே இருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டால் போச்சு. நிரல், அது தேடும் கோப்புகள், பெயர், பதிப்பு எண், எந்தெந்த இடத்தில் அது விழித்துக்கொள்ள வேண்டும் என்ற விவரம், அத்தனையும் ஒரே கட்டாகப் போக வேண்டும். தன் மெஷினில் ஓடுகிறது என்று காட்டிவிட்டுக் காலரைத் தூக்கிக்கொள்ளும் பையன்கள் ஆபீஸில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் சார் வைத்திருந்த மருந்து மொட்டை.

ஜன்னலோரம் இரும்பு மேஜையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் அதைத் துடைத்து, ஆபீஸ் புது மெஷினில் என்ன இருக்குமோ அதை மட்டும் போட்டு வைப்போம். அதற்குப் பெயர் மொட்டை. "மொட்டை போட்டாச்சா?" என்று சார் கேட்பார். தலைமுறை தலைமுறையாகச் சர்ச்சுக்குப் போகும் குடும்பத்து மனிதர், தினமும் மொட்டை போடச் சொல்கிறாரே என்று நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இப்ப நான் மடையன். எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அறிவித்துவிட்டு ஆரம்பிப்பார். அமுக்கக் கூடாத இடத்தில் அமுக்குவார். ஒரே பட்டனை நாலு தரம் தட்டுவார். பாதியில் நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, நிரல் என்ன புலம்புகிறது என்று பார்ப்பார். கடைசியில் பேக்கேஜை நீக்கிவிட்டு, ஏதாவது மிச்சம் விட்டுப் போயிருக்கிறதா என்று ஒவ்வொரு ஃபோல்டராகத் துழாவுவார். "வந்த வீட்டை வந்தபடி விட்டுட்டுப் போகணும்மா" என்பார்.

அவர் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. சாதாரணமாக என்னை "நீ" என்பார். கோபம் வந்தால் "நீங்க" ஆகிவிடும். "நீங்க" வந்த நாளில் நான் மதியச் சாப்பாட்டுக்குக்கூடத் தனியாகத்தான் போவேன்.

ரஃபியா எடிட்டிங் ஆள். வாணியம்பாடிப் பெண், கல்யாணமாகி செகந்திராபாத்துக்கு வந்தவள். வீட்டில் உருது, எங்களோடு தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். நாற்பது வயதுக்கு முன்னாலேயே அவளுக்கு முடக்குவாதம் வந்துவிட்டது. காலையில் விரல்கள் மடங்காது. மடங்கினால் நிமிராது. எடிட்டரிலோ எதைச் செய்யவும் இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும், பிறகு நீளமாக ஒரு குறியீட்டைத் தட்ட வேண்டும். அவளே ராத்திரி பகலாகக் கற்றுக்கொண்டு ஒரு வழி செய்திருந்தாள். ஒரே ஒரு விசை. கர்சர் நிற்கும் இடத்தைப் பார்த்து அது வேலை செய்யும். படத்தின் எண் மேல் நின்றால் படத்தைத் திறக்கும். அட்டவணைக்குள் நின்றால் ஒரு வரிசை சேர்க்கும். எச்சரிக்கை வாக்கியத்தில் நின்றால் அதற்குரிய கட்டத்தைப் போடும். உதிரிபாக எண்ணில் நின்றால் அந்தப் பாகத்தின் பெயரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கும்.

அந்தச் சமயம் ஆபீஸில் எல்லாருக்கும் புது மெஷின் வந்தது. எங்கள் பிரிவு சோதித்த பேக்கேஜைத் தவிர வேறு எதையும் அதில் போட முடியாதபடி பூட்டியிருந்தார்கள். ரஃபியா பென் டிரைவோடு என்னிடம் வந்தாள்.

"அக்கா, இத்த என்னுதுல மட்டும் போட்டுக் குடு. யாருக்கும் தெரிய நக்கோ, வேணாம்."

என்னால் முடியாது, சாரிடம் கேட்கலாம் என்றேன். சார் பென் டிரைவைக் கையில் வாங்கவே இல்லை. "ஒருத்தருக்காகக் கட்டுறதுக்குப் பேர் பேக்கேஜ் கிடையாது. எடிட்டர் மாறும்போதெல்லாம் எல்லாத்தையும் திரும்பச் சோதிக்கணும். கட்டுறதுன்னா அத்தனை சீட்டுக்கும் கட்டுவோம்" என்றார்.

கட்டினோம். அவளுடைய நிரலில் பாதி, அவள் பழைய மெஷினைப் பற்றித்தான் பேசியது. உதிரிபாகப் பட்டியலை அவள் மகள் பெயரில் இருந்த ஒரு ஃபோல்டரில் போய்த் தேடியது. மொட்டையில் அந்த மகளும் இல்லை, ஃபோல்டரும் இல்லை. அதை எல்லாம் எடுத்துவிட்டுப் பொதுவாக எழுதினேன். பிறகு சார் மடையனாக உட்கார்ந்து, வெற்று வரியில் கர்சரை வைத்து விசையை அமுக்கினார். கடைசியாகச் செய்த வேலையை அது திரும்பச் செய்தது.

"இது என்னம்மா?"

"அது நான் வேணும்னுதான் சார் வச்சேன்" என்றாள் ரஃபியா. "கர்சரை நகத்துற வேலை மிச்சம்."

"உங்களுக்குத் தெரியும். மத்தவனுக்குத் தெரியாது. அவன் சும்மா அமுக்குவான், எச்சரிக்கைக் கட்டம் போய் எங்கயோ உக்காரும். எங்க நிக்குதுன்னு தெரியலன்னா வாயை மூடிக்கிட்டு இருக்கணும்."

ரஃபியா முனகினாள். சரி என்றாள். அந்தப் பேக்கேஜுக்கு அதுவே கடைசிச் சோதனை ஆயிற்று. வெற்று வரியில் அமுக்கு, ஒன்றும் நடக்கக் கூடாது.

எல்லா எடிட்டிங் சீட்டிலும் ஏற்றினோம். ஆட்களுக்குப் பிடித்துவிட்டது. கேன்டீனில் எனக்கு இரானி சாயா வாங்கிக்கொடுத்தார்கள். அந்தச் சந்தோஷம் கொஞ்ச நாள்தான். ஒவ்வொருவராகப் பேக்கேஜை நீக்கிக்கொண்டே வந்தார்கள். ஏதாவது உடைந்துவிட்டதோ என்று பயந்துபோய், கடைசி வரிசையில் ஒரு பையனிடம் கேட்டேன்.

"பேக்கேஜ் சூப்பர் மேடம். ஆனா அதை வச்சிருந்தா புள்ளி சிவக்குது" என்றான்.

புள்ளி விஷயம் இப்படி. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கண்காணிப்பு நிரல் எல்லா எடிட்டிங் சீட்டிலும் வந்து இறங்கியிருந்தது. யார் எத்தனை தரம் விசையைத் தட்டுகிறார்கள் என்று எண்ணி, மேனேஜர் திரையில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே பச்சையோ சிவப்போ ஒரு புள்ளி போடும். நிறையத் தட்டினால் பச்சை. எங்கள் விசையோ, நாற்பது தட்டு தட்டும் இடத்தில் ஒரே தட்டு. வேலை முடிந்துவிடும், புள்ளி மட்டும் சிவப்பு. அதனால் கையும் காலும் நன்றாக இருப்பவர்கள் எல்லாம் பழையபடி மூன்று விசையைச் சேர்த்துப் பிடித்து லொட்டு லொட்டென்று தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் மொட்டையில் இதெல்லாம் தெரியவே வழியில்லை. மொட்டையில் அந்த எண்ணும் நிரல் கிடையாதே.

ரஃபியாவால் மட்டும் நீக்க முடியவில்லை. மற்றவர்கள் முடிக்கும் பக்கங்களை அவளும் முடித்துக்கொண்டிருந்தாள். புள்ளியோ நாள் முழுக்கச் சிவப்பு. அரையாண்டு மதிப்பீடு வந்துகொண்டிருந்தது. முந்தைய மதிப்பீட்டில் சிவந்தவர்கள் இரண்டு பேர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அவள் மூட்டுக்குப் போடும் ஊசி கம்பெனி இன்ஷூரன்ஸில் வந்துகொண்டிருந்தது. வேலை போனால் ஊசி போகும். ஊசி போனால் மிச்சம் இருக்கும் விரல்களும் போகும். இதை அவள் என்னிடம் அழாமல், கறிகாய் விலை சொல்வதைப் போலச் சொன்னாள்.

அதே சமயம் எங்கள் காலாண்டு சுத்தமும் வந்தது. ஒரே ஒரு சீட்டில் மட்டும் ஓடும் பேக்கேஜை எடுத்துவிட வேண்டும் என்பது சார் போட்ட விதி. நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது ரஃபியாவும் பக்கத்தில் இருந்தாள். அவளால் பொறுக்க முடியவில்லை. 'ஏன்' என்பது உருதுவில் 'கைக்கு' என்று வந்தது.

"கைக்கு சார்? நான் கேட்டது எனக்கு ஒருத்திக்கு. நீங்கதான் எல்லாருக்கும்னீங்க. இப்ப எல்லாரும் எடுத்துட்டாங்கோ, என்னுதையும் எடுப்பீங்க. உங்க ரூலு எனக்கு ஊசி போடுமா?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் எனக்குத் தோன்றிய வழியைச் சொன்னேன். விசையை அமுக்கும்போதெல்லாம், பின்னால் யாருக்கும் தெரியாமல் நாற்பது பொய்த் தட்டுகளைச் சேர்த்து அனுப்பும்படி நாலு வரி எழுதிவிட்டால் போதும், புள்ளி பச்சையாகிவிடும்.

"பேக்கேஜ், தான் செய்யுறதாச் சொல்லாத வேலையைச் செய்யக் கூடாது" என்றார் சார். பிறகு, "நீங்க இதை வெளிய பேசாதீங்க" என்றார். "நீங்க" வந்துவிட்டது. ரஃபியா எழுந்து போய்விட்டாள்.

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "அந்தப் பேக்கேஜை என் சீட்டுல போடு."

"சார், நீங்க எடிட்டிங்..."

"இன்னைலருந்து செய்வேன். ரெண்டு சீட்டு ஆச்சுல்லா?"

அன்றே ஒரு பம்பு மேனுவலை வாங்கிவந்து, சாப்பாட்டு நேரத்தில் பக்கம் பக்கமாகச் சரிபார்க்க ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பாதிப் பக்கத்தில் நிமிர்ந்து, "அந்தப் புள்ளி போடுற சாமான் எப்ப மொட்டைக்கு வந்துச்சு?" என்று கேட்டார்.

"வரவே இல்லை சார். தலைமை அலுவலகத்துலருந்து நேரா ஏத்திட்டாங்க."

அவர் முகம் போன போக்கை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ரஃபியாவின் ஊசியைப் பற்றி அவர் என்ன நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. தன் மொட்டையைத் தாண்டி ஒரு நிரல் அறுபது சொச்சம் மெஷினில் போய் உட்கார்ந்துவிட்டது என்பதில் மனிதர் கொதித்துப்போனார். எந்த நிரலும் எங்கள் சோதனை இல்லாமல் ஏறக் கூடாது என்பது கம்பெனியே போட்ட விதி. அதைச் சுட்டிக்காட்டி, அந்த நிரலைச் சோதனைக்கு அனுப்பும்படி மேனேஜருக்கு மரியாதையாக ஒரு மெயில் போட்டார். பதில் இல்லை. இன்னும் மரியாதையாக இன்னொன்று போட்டார். அதன் பிறகு தினமும் மேனேஜர் அறை வாசலில் போய், "நான் அவசரப்படுத்தல" என்று சொல்லிவிட்டு வர ஆரம்பித்தார். மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. தொல்லை விட்டால் போதும் என்று கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டார். மதிப்பீட்டுக்கு அப்போது ஒரு வாரம்கூட இல்லை.

மொட்டை போட்டேன். அதில் அந்த நிரலை ஏற்றினோம். "இப்ப நான் மடையன்" என்று சார் உட்கார்ந்தார். பம்பு மேனுவலைத் திறந்து ஒரு பக்கம் அடித்தார். மேனுவல் வைத்திருக்கும் இடத்துக்குப் போக ஒரு பாஸ்வேர்டு கேட்டது, அதையும் அடித்தார். வழக்கம்போல நெட் கேபிளைப் பிடுங்கினார். தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப முடியாமல் போனதும், அந்த நிரல் தன் மூட்டையை மெஷினிலேயே ஒரு ஓரத்தில் இறக்கிவைத்தது. நான் அதைத் திறந்தேன். எண்கள் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். சார் அடித்த பக்கம் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தது. வாடிக்கையாளர் கம்பெனியின் பம்பு, அதன் அளவுகள், எச்சரிக்கைகள், நடுவில் சாரின் பாஸ்வேர்டு.

சார் குனிந்து படித்தார்.

"இது எண்ணலம்மா. படிக்குது."

வாடிக்கையாளரின் ஒரு வரிகூட இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகாது என்று கம்பெனி கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தது. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு வருஷமும் உட்காரவைத்துப் பாடம் எடுப்பார்கள். சார் மேனேஜரைக் கூட்டிவந்து அந்த நாற்காலியில் உட்காரவைத்து, "ஏதாவது அடிங்க" என்றார். மேனேஜர் தன் பெயரை அடித்தார். சார் கேபிளைப் பிடுங்கிவிட்டு அவர் பெயரையே திறந்து காட்டினார். மேனேஜர் எழுந்து போய் எங்கள் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சார், அந்த அம்மா ஒருத்திக்காகவா இவ்வளவும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது.

"இல்லை. எல்லா சீட்டுக்கும்" என்றார் சார்.

மதிப்பீட்டுக்கு முன்னால் அந்த நிரலை எல்லா மெஷினிலிருந்தும் எடுத்தாயிற்று. எடுத்தது நான்தான். எடுத்த பிறகும் அங்கங்கே குப்பையை விட்டுப் போயிருந்தது. "போகக்கூடத் தெரியல பாரு" என்று சார் தலையில் அடித்துக்கொண்டார். அது சேர்த்த புள்ளிகளை யாரும் வாயால் சொல்லக்கூடத் துணியவில்லை. பழையபடி பக்கங்களை வைத்து மதிப்பிட்டார்கள். ரஃபியா தேறினாள். செய்தி தெரிந்ததும் ஒரு டப்பாவில் குபானி கா மீட்டா என்ற ஆப்ரிகாட் இனிப்பை எடுத்துவந்து சார் மேஜையில் வைத்தாள். நன்றி என்று ஏதோ ஆரம்பித்தாள். சார் அவளைப் பேசவிடவில்லை. "வெத்து வரியில அமுக்கிப் பாத்தீங்களா இன்னைக்கு?" என்று கேட்டுவிட்டுக் கரண்டியை எடுத்தார்.

கண்காணிப்பு நிரல் போனதும் எல்லாரும் எங்கள் விசைக்குத் திரும்பியிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை. பயந்த கை பழைய பழக்கத்தை விடாது. பேக்கேஜ் இரண்டே சீட்டில் நின்றது. சார் அந்தப் பம்பு மேனுவலை முடித்து, கம்ப்ரஸரை எடுத்து, அதில் உண்மையாகவே பிழைகள் கண்டுபிடித்து எடிட்டிங் ஆட்களின் உயிரை வாங்கினார். அவர் ஓய்வு பெற்ற அன்று, வழக்கப்படி அவர் சீட்டை நான்தான் துடைத்தேன். அவர் பக்கத்திலேயே நின்றார். துடைத்து முடித்ததும் என் சீட்டுக்குப் போய் அந்தப் பேக்கேஜை ஏற்றிக்கொண்டேன். அவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு லிஃப்ட்டுக்குப் போனார்.

அதுதான் ஸ்ராவ்யா என் சீட்டில் பார்த்தது.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மீட்டிங் என்ன ஆயிற்றோ தெரியவில்லை. பிறகு, "இப்பவும் அந்த ரூல் இருக்கு மேடம். ஆனா யாரும் கை வைக்கத் தேவையில்ல. ஒரு சீட்டுல மட்டும் இருந்தா மாசக் கடைசில சர்வரே எடுத்துடும்" என்றாள்.

"ரஃபியா இன்னும் வேலையிலதான் இருக்கா" என்றேன். இப்போது விரல் நுனியும் போய், விரல் முட்டியால்தான் அந்த விசையை அமுக்குகிறாள். அதையும் சொன்னேன். அதற்கு மேல் நான் என்ன சொல்ல? ஓய்வு பெற்றவள் ஆபீஸ் பெண்ணிடம் இதைச் செய், அதைச் செய் என்று கேட்பது முறையில்லை. "சரி மேடம்" என்று வைத்துவிட்டாள். அன்றைக்கெல்லாம் எனக்கு வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை.

மறுநாள் ரஃபியா கூப்பிட்டாள்.

"அக்கா, உன் எடத்துக்கு வந்த பொண்ணு, லேப்டாப்பத் தூக்கிட்டு என் சீட்டாண்ட வந்து நிக்குது. 'பேக்கேஜை இதுலயும் ஏத்திட்டேன். இந்தக் கீ எப்படி அமுக்கணும், சொல்லிக்குடுங்க'ங்குது."

"நீ என்ன சொன்னே?"

"மொதல்ல வெத்து வரியில அமுக்குன்னேன். அமுக்கிச்சு. 'ஒண்ணும் ஆகலியே மேடம்'னுச்சு. ஹவ்மா, ஆமா, உன்னுதுல நல்லா வேலை செய்யுதுன்னேன்."